உடைந்த கரைக்கு எத்தனை கன மீட்டர்?

வெள்ளம் வடிந்த மறுநாள் ஊராட்சி அலுவலகத்தில் எழுதப்படும் கடிதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘எங்கள் ஊரில் சாலைகள் கடுமையாகச் சேதமடைந்துள்ளன. குளம் உடைந்துவிட்டது. பள்ளிக் கட்டடம் பாழாகிவிட்டது. உடனடியாக நிவாரணம் வழங்கக் கேட்டுக்கொள்கிறோம்.’ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் ஒரு ரூபாய் ஒதுக்க முடியாது. எந்தச் சாலை, எங்கிருந்து எங்கு வரை, எத்தனை மீட்டர்? கரை எத்தனை இடத்தில் போயிருக்கிறது, எவ்வளவு அகலத்துக்கு? எதுவும் இதில் இல்லை. ‘கடுமையாக’ என்பதற்கு அரசுக் கணக்கில் அலகு கிடையாது.

வீடு இடிந்தால், பயிர் அழுகினால், ஆடு மாடு செத்தால் உரியவர் வி.ஏ.ஓ.வைத் தேடிப் போவார். விடவே மாட்டார். பொதுச்சொத்துக்கு அப்படி அலைய ஆள் இல்லை. ஊராட்சிச் சாலை, குளத்தங்கரை, மேல்நிலைத் தொட்டி, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் ஊருக்கே சொந்தம். அதனாலேயே சேதக் கணக்கில் அவை அரைகுறையாக ஏறுகின்றன. அந்தக் கணக்கை முழுசாக எடுப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், தலைமை ஆசிரியர், நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்காரர், அல்லது சும்மா ஊர்மேல் அக்கறை உள்ள ஒருவர் என யாருக்கும் இது உதவும்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி இருக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இதில் நான்கில் மூன்று பங்கு ஒன்றிய அரசு போடுகிறது, ஒரு பங்கு மாநிலம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு ஒன்றியத்தின் பங்கு 90 சதவீதம். அந்த நிதி தாங்காத அளவுக்குப் பேரிடர் பெரிதானால் தேசியப் பேரிடர் நிவாரண நிதியில் கேட்கலாம். மாநிலம் ஒரு கோரிக்கை மனு தயாரிக்கும். பல அமைச்சகங்களின் அதிகாரிகள் அடங்கிய மத்தியக் குழு வந்து பார்க்கும். கடைசியில் உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு தொகையை முடிவு செய்யும்.

எல்லாப் பேரிடரும் இதில் சேர்ந்துவிடாது. புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தீ, சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், கடுங்குளிர் என 12 இனங்கள் பட்டியலில் உண்டு. தன் பகுதிக்கே உரிய பேரிடர்கள் என்று மாநிலம் அறிவிப்பவற்றுக்கு நிதியில் 10 சதவீதம் வரை செலவிடலாம்.

இனி பலருக்கும் தெரியாத விஷயத்துக்கு வருவோம். இந்த நிதி நஷ்ட ஈடு அல்ல. போனது போல இன்னொன்று கட்டித் தருவதற்கானதும் அல்ல. போக்குவரத்து ஓட, தண்ணீர் வர, விளக்கு எரிய உடனடியாக என்ன செய்ய வேண்டுமோ அதற்கு மட்டும். அதற்கும் விலைப்பட்டியல் மாதிரி ஒரு விதிமுறை இருக்கிறது. 2015 முதல் 2020 வரை இருந்த விதிமுறையைப் பாருங்கள்: மாநில நெடுஞ்சாலைக்கும் மாவட்டப் பெருஞ்சாலைக்கும் கிலோமீட்டருக்கு 1 லட்சம் ரூபாய். கிராமச் சாலைக்குக் கிலோமீட்டருக்கு 60,000. பழுதான குடிநீர்த் திட்டம் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம். தொடக்கப் பள்ளிக்கு ஒன்றரை லட்சம் வரை. ஊராட்சிக் கட்டடம், அங்கன்வாடி போன்ற சமுதாயக் கட்டடங்களுக்கு 2 லட்சம் வரை. மின்கம்பம் ஒன்றுக்கு 4,000 ரூபாய். 2022 அக்டோபரில் இந்த விதிமுறை திருத்தப்பட்டது, தொகைகள் சில உயர்ந்தன. ஆனால் அமைப்பு மாறவில்லை: இத்தனை அலகு, அலகுக்கு இத்தனை ரூபாய்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கம்பத்துக்கு 4,000 என்று பெருக்கினால் ஒரு லட்சம் கம்பத்துக்கு 40 கோடி. புதுக் கம்பத்தின் விலை, வெளிமாவட்டங்களிலிருந்து வந்து மாதக்கணக்கில் வயலிலும் சேற்றிலும் நின்ற மின் ஊழியர்களின் கூலி, கிரேன் வாடகை இவற்றையெல்லாம் அந்த 40 கோடிக்குள் அடக்க முடியுமா என்று தஞ்சாவூர், நாகைப் பக்கம் கேட்டுப் பார்க்கலாம்.

விதிமுறைக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள இடைவெளி 2023 டிசம்பரில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டு வாரம் கழித்துத் தென்மாவட்டங்களில் மழை. காயல்பட்டினத்தில் 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது; தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். ஏரலில் தாமிரபரணிப் பாலம் துண்டானது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலுக்குக் கீழே தண்டவாளத்து மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. இரண்டு பேரிடருக்கும் சேர்த்துத் தமிழக அரசு கேட்டது சுமார் 37,900 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து அனுமதிக்கப்பட்டது, மிக்ஜாமுக்கு 285.54 கோடி, வெள்ளத்துக்கு 397.13 கோடி. மாநில நிதியில் இருந்த இருப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு கையில் விடுவிக்கப்பட்டது சுமார் 276 கோடி.

இந்த இடைவெளிக்கு அரசியல் காரணம் சொல்பவர்கள் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி இடைவெளி விதிமுறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மாநிலம் கேட்டதில் தற்காலிகச் சீரமைப்பும் இருந்தது, நிரந்தரமாகத் திரும்பக் கட்டும் செலவும் இருந்தது. விதிமுறை முதலாவதை மட்டும்தான் கண்ணால் பார்க்கிறது, அதையும் பழைய விலையில் பார்க்கிறது. ஒரு கிலோமீட்டர் கிராமச் சாலையைத் தார் போட்டுப் புதுப்பிக்க ஆகும் செலவு அந்த 60,000 ரூபாயைப் போலப் பல மடங்கு. விதிமுறை மாற வேண்டும் என்று மாநிலங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அது மாறும்வரை ஊர்க்காரர் செய்யக்கூடியது ஒன்றுதான். விதிமுறை எந்த அலகில் எண்ணுகிறதோ அந்த அலகில் சேதத்தை எண்ணித் தருவது. சாலையானால் மீட்டர். மண்ணானால் கன மீட்டர். கம்பமானால் எண்ணிக்கை. கட்டடமானால் ஒவ்வொன்றும் தனி அலகு; ஒரே வளாகத்தில் பள்ளியும் அங்கன்வாடியும் சத்துணவுக் கூடமும் இருந்தால் ‘பள்ளி வளாகம்’ என்று ஒரே வரியில் எழுதி முடிப்பது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் வேட்டு.

எந்தெந்த வேலை ‘உடனடித் தன்மை’ உள்ளது என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. சாலையில் உடைப்பை அடைப்பது, குழிகளை நிரப்புவது, தண்ணீர் போகக் குழாய் பதிப்பது, இடிந்த சிறுபாலத்தைச் சரிசெய்வது, பாலம் போன இடத்தில் மாற்றுப்பாதை போடுவது. குடிநீரில் பழுதான மோட்டாரைச் சரிசெய்வது, ஒழுகும் மேல்நிலைத் தொட்டியை அடைப்பது, உடைந்த குழாயை மாற்றுவது. பாசனத்தில் மணல் மூட்டை, கல், சிமென்ட் கொண்டு கரையைக் கட்டுவது, வாய்க்காலில் சேர்ந்த குப்பையையும் இடிபாட்டையும் அள்ளுவது. கரையில் இருக்கும் எலிவளையை அடைப்பதுகூடப் பட்டியலில் உண்டு. இந்தப் பட்டியலை எழுதியவர்களில் யாரோ ஒருவராவது குளத்தங்கரையில் நடந்தவராக இருந்திருக்க வேண்டும். மறுபக்கம், தொலைத்தொடர்பு போலச் சொந்த வருமானம் உள்ள துறைகள் தங்கள் பழுதைத் தங்கள் பணத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்துக்கு மட்டும், விநியோகத்தை உடனே திரும்பக் கொண்டுவரும் அளவுக்குச் சலுகை. அதுவும் 11 கிலோவோல்ட் வரையிலான பாதைகளுக்கு.

ஆகவே கோரிக்கையில் ‘குளத்தை ஆழப்படுத்திக் கரையைப் பலப்படுத்தி நடைபாதை அமைக்க’ என்று எழுதினால் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். ‘உடைந்த பகுதியை முன்பிருந்த மட்டத்துக்குக் கட்ட’ என்று எழுதினால் மேசை தாண்டும்.

முன்பிருந்த மட்டம் எது? அங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

வெள்ளம் எடுத்துக்கொண்டு போனதை யாராலும் அளக்க முடியாது. முன்பு இருந்ததிலிருந்து இப்போது இருப்பதைக் கழித்தால்தான் போனது எவ்வளவு என்று தெரியும். ‘முன்பு’ என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால், பத்து வருடமாகக் குண்டும் குழியுமாகக் கிடந்த சாலைக்கு வெள்ளத்தைச் சாக்கு வைத்துப் பணம் கேட்கிறார்கள் என்றுதான் வந்து பார்ப்பவர் நினைப்பார். சில ஊர்களில் அது உண்மையாகவும் இருக்கும் என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஊராட்சியில் சொத்துப் பதிவேடு ஒன்று இருக்கிறது. சாலைகளின் பெயர், நீளம், என்ன வகை, எந்தத் திட்டத்தில் எப்போது போட்டது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பல இடங்களில் தணிக்கை வரும்போது மட்டும் தூசு தட்டப்படும் புத்தகம் அது. வெள்ளச் சேதக் கணக்குக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அடுத்தது பழைய வேலைகளின் எஸ்டிமேட், எம்.புக். சாலை போட்டபோதும் சிறுபாலம் கட்டியபோதும் ஓவர்சீயர் அளந்து எழுதிய அளவுப் புத்தகத்தில் அகலம், கனம், ஆழம் எல்லாம் கையெழுத்தோடு இருக்கும். மூன்றாவது, சும்மா எடுத்த படங்கள். சுதந்திர தினக் கொடியேற்றத்தில் பின்னணியில் தெரியும் பள்ளிச் சுற்றுச்சுவர், குளம் நிறைந்தபோது மறுகாலில் நின்று எடுத்த செல்ஃபி, கோயில் கொடைக்கு வந்த சப்பரத்துக்குக் கீழே தெரியும் சாலை. தேதி தெரியும் படமானால் எல்லாமே சாட்சிதான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் ஒரு நாள் கைப்பேசியோடு ஊரைச் சுற்றிவந்து ஒவ்வொரு சொத்தையும் படம் எடுத்து வைத்தால், டிசம்பரில் அதற்கு விலையே கிடையாது. மடைக்கதவு, மறுகால், கரையின் இரண்டு பக்கச் சரிவு, பாலங்களின் அடிப்பக்கம், மோட்டார் அறைக்குள் இருக்கும் பேனல் போர்டு, மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தகடு. அந்தத் தகட்டில் எத்தனை ஹெச்.பி. என்று இருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு அது துருவேறியிருக்கும் அல்லது மோட்டாரே இருக்காது.

சரி, தண்ணீர் வடிந்துவிட்டது. இப்போது நேரம் நமக்கு எதிரி. சுவரில் சேற்றுக் கோடு இருக்கும்; அதுதான் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு அத்தாட்சி. இரண்டு நாளில் யாராவது கழுவிவிடுவார்கள், அல்லது வெயிலில் உதிர்ந்துவிடும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை டேப்பைப் பிடித்து, டேப்பில் எண் தெரியப் படம் எடுங்கள். சாலை உடைப்பை ஊர்க்காரர்களே மண் போட்டு நிரப்பிவிடுவார்கள். பால் வண்டி வர வேண்டுமே. நிரப்புவது தவறே இல்லை. நிரப்பும் முன் கால் மணி நேரம் அளவெடுக்கக் கேட்டுக்கொண்டால் போதும்.

படம் எடுப்பதில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு சேதத்துக்கும் குறைந்தது மூன்று படம். ஒன்று தூரத்திலிருந்து, கோயில் கோபுரம், நீர்த்தொட்டி, பள்ளி என்று ஏதாவது அடையாளம் தெரியும்படி. இரண்டாவது சேதம் முழுதும் தெரியும்படி நடுத்தூரத்திலிருந்து. மூன்றாவது கிட்டத்தில், அளவுகோலோடு. அளவுக் கம்பு இல்லையென்றால் ஆள் நிற்கட்டும். ஆளின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் படத்திலேயே பதியும் கேமரா செயலிகளை இப்போது அதிகாரிகளே பயன்படுத்துகிறார்கள். நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: வாட்ஸாப்பில் அனுப்பிய படம் சுருங்கிப்போகும், அதனுள் இருக்கும் தேதி, இடத் தகவலும் போய்விடும். மூலப் படத்தை அப்படியே கணினியிலோ மெமரி கார்டிலோ ஏற்றி வையுங்கள்.

இனி அளவு. சாலையில் தொடங்குவோம். சாலை தொடங்கும் இடத்தைப் பூஜ்யம் என்று வைத்து, அங்கிருந்து எத்தனை மீட்டரில் சேதம் என்று குறிக்க வேண்டும். செயினேஜ் என்று சொல்வது இதைத்தான். கற்பனையாக ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். அதன் சேதக் குறிப்பு இப்படி இருக்கலாம்: ‘0/400 முதல் 0/650 வரை 250 மீட்டர், சாலை அகலம் 3.75 மீட்டர். இதில் 0/480 முதல் 0/530 வரை தாரும் ஜல்லியும் போய் மண் தெரிகிறது. மீதி 200 மீட்டரில் தார் மட்டும் உரிந்திருக்கிறது, ஜல்லி அப்படியே இருக்கிறது. இடது ஓரத்தில் 90 மீட்டர் நீளத்துக்கு 1.2 மீட்டர் அகலம், சராசரி 0.8 மீட்டர் ஆழம் அரிப்பு.’ ஓரத்துக்கு மட்டும் 90 × 1.2 × 0.8, அதாவது 86 கன மீட்டர் மண் தேவை என்று படிப்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். தார் உரிந்த இடத்துக்கும் அடிமண் தெரியும் இடத்துக்கும் செலவு வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டினால்தான் பொறியாளர் உங்கள் குறிப்பை நம்பத் தொடங்குவார்.

குளத்தங்கரைக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். உடைப்பு செங்குத்தாக இருக்காது. மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். மேலே 24 மீட்டர், அடியில் 16 மீட்டர் என்றால் சராசரி நீளம் 20. உடைப்பின் இருபுறமும் மீந்து நிற்கும் கரையைப் பாருங்கள். போன பகுதியும் அப்படித்தான் இருந்திருக்கும். கரையின் உச்சி அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர், இரண்டு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு என்று வைத்துக்கொண்டால் அடி அகலம் 15 மீட்டர். மேலும் கீழும் சேர்த்துச் சராசரி 9, அதை உயரம் 3ஆல் பெருக்க 27 சதுர மீட்டர். அதை நீளம் 20ஆல் பெருக்க 540 கன மீட்டர். ஊரில் மண்ணை யூனிட்டில் பேசுவோம். 100 கன அடி ஒரு யூனிட். அந்தக் கணக்கில் சுமார் 190 யூனிட். அடித்து இறுக்கும்போது மண் அமுங்கும் என்பதால் கொண்டுவர வேண்டியது அதைவிடக் கூடுதல்.

இத்தோடு முடியவில்லை. தண்ணீர் பாய்ந்து விழுந்த இடத்தில் தரை மட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சில இடங்களில் ஆள் மூழ்கும் ஆழம். கரையை மட்டும் அளந்து பள்ளத்தை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. வேலை தொடங்கிய பிறகு மண் போதாமல் பாதியில் நிற்கும். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் கம்பை விட்டு நாலைந்து இடத்தில் ஆழம் பாருங்கள், கயிறு கட்டிக்கொண்டு. குளத்துக்குள் வந்து படிந்த வண்டல், கீழே வயலில் பரவிய மணல் இரண்டும் தனித்தனிக் குறிப்பு. வயலில் பரவியது விவசாயியின் கணக்கு, குளத்துக் கணக்கில் அது சேராது.

கட்டடத்தில் ஒவ்வொரு அறையாகப் போங்கள். பள்ளிச் சுற்றுச்சுவர் சாய்ந்திருந்தால் நீளம், உயரம், கனம். வகுப்பறையில் தரை உள்வாங்கியிருக்கிறதா, சுவரில் விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது, மின்சாரப் பெட்டிக்குள் தண்ணீர் போனதா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டி, பிரசவ அறைக் கட்டில், மருந்துக் கையிருப்பு. இவற்றுக்கு இருப்புப் பதிவேடு இருக்கும், அதன் பக்க எண்ணோடு எழுதினால் மறுப்புக்கு இடமில்லை. பதிவேடே நனைந்துவிட்டால் பக்கங்களைப் பிரிக்க அவசரப்படாதீர்கள், ஈரத்தில் கிழியும். நிழலில் உலர்த்திப் பிறகு படம் எடுக்கலாம். நனைந்த பதிவேடும் ஒரு சேதம்தான், அதையும் பட்டியலில் சேருங்கள்.

பெரும்பாலும் காற்றோடு போவது வெள்ள நாட்களில் ஆன அவசரச் செலவு. இரவோடு இரவாக ஜே.சி.பி. வரவழைத்து மரம் அகற்றியிருப்பார்கள், வாடகைக்கு டீசல் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்திருப்பார்கள், நூறு இருநூறு மணல் மூட்டை அடுக்கியிருப்பார்கள். பணம் தலைவர் பையிலிருந்தோ கடைக்காரரிடம் கடன் சொல்லியோ போயிருக்கும். மாதம் கழித்து மொத்தமாக ஒரு பில் கொண்டுபோனால் தணிக்கையில் அது நிற்காது. அன்றன்றே ஒரு நோட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: வண்டி எண், ஓட்டுநர், எந்த இடம், என்ன வேலை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, மீட்டர் காட்டிய எண், போட்ட டீசல், கூட நின்ற இரண்டு பேர் கையெழுத்து. மழையில் யார் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது என்றால், கைப்பேசியில் குரல் பதிவாகச் சொல்லி வைத்து இரவில் எழுதிக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் அமெரிக்கர்களிடம் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். அங்கே பொதுச்சொத்துச் சேதத்துக்குக் கூட்டாட்சி அரசின் அவசரகால நிர்வாக அமைப்பான ஃபெமா பணம் தருகிறது. 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டம் அதற்கு அடிப்படை. தகுதியான செலவில் குறைந்தது 75 சதவீதம் அவர்கள் பங்கு. இடிபாடு அகற்றல், அவசரப் பாதுகாப்பு, சாலை, நீர்க்கட்டுமானம், கட்டடம், குடிநீர் மின்சாரம், பூங்கா என ஏழு வகையாகப் பிரித்துக் கணக்கு கேட்பார்கள். உள்ளாட்சியும் ஃபெமாவும் உட்கார்ந்து பேசும் முதல் முறையான கூட்டத்திலிருந்து 60 நாளுக்குள் எல்லாச் சேதத்தையும் பட்டியலில் ஏற்றியாக வேண்டும். ஒவ்வொரு சேதத்துக்கும் விவரிப்பும் அளவும் அடங்கிய ஒரு குறிப்பு உண்டு. எத்தனை அடி நீளம், எத்தனை அங்குலக் கனம், எந்தப் பொருள், இந்தப் பேரிடரால்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அதில் இருக்க வேண்டும். பேரிடருக்கு முன்பே பராமரிப்பில்லாமல் பாழாகிக் கிடந்த பகுதியைக் கழித்துவிடுவார்கள். ஆகவே சாலைப் பராமரிப்புச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் சிற்றூருக்குப் பணம் வரும். வைத்திராத ஊர் பல்லைக் கடிக்கும். வந்த பணத்தையும் ஆண்டுகள் கழித்துத் தணிக்கையில் திரும்பக் கேட்ட கதைகள் அங்கே ஏராளம். நம் விதிமுறைக்கும் அவர்களுடையதற்கும் பெரிய வேறுபாடு, அவர்கள் திரும்பக் கட்டும் செலவைத் தருகிறார்கள் என்பது. ஆதாரம் கேட்பதில் வேறுபாடு இல்லை.

இங்கும் திரும்பக் கட்டும் செலவுக்கு ஒரு கதவு மெல்லத் திறக்கிறது. 15ஆவது நிதிக்குழு நிவாரண நிதிக்குள்ளேயே மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும் தனிப் பங்கு ஒதுக்கச் சொன்னது. அதற்கான வழிகாட்டுதலை உள்துறை அமைச்சகம் 2024 ஆகஸ்டில்தான் வெளியிட்டது. அந்தப் பணத்துக்குப் பேரிடருக்குப் பிந்தைய தேவை மதிப்பீடு என்ற அறிக்கை வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் அப்படி ஒன்று செய்தார்கள்: சேதம் 10,557 கோடி, இழப்பு 16,163 கோடி, மீள்வதற்குத் தேவை சுமார் 31,000 கோடி. இங்கே சேதம் என்றால் உடைந்த சொத்தின் மதிப்பு. இழப்பு என்றால் உடைந்ததால் வராமல் போன வருமானமும் கூடிப்போன செலவும். பாலம் போனது சேதம். பாலம் இல்லாமல் பேருந்து சுற்றிப் போன டீசலும், வாழைத்தார் சந்தைக்குப் போய்ச் சேராததும் இழப்பு. ஊராட்சி அளவில் இழப்பையும் தனித் தாளில் குறித்து வைப்பது நல்லது: தொட்டி பழுதாகி எத்தனை நாள் லாரித் தண்ணீர் வாங்கினோம், ஒரு லாரி என்ன விலை. உடனடி நிவாரண மனுவில் அதைக் கலக்காதீர்கள்.

மனு போகும் பாதை சுருக்கமாக: ஊராட்சிச் சொத்தென்றால் ஊராட்சிச் செயலர் வழியாக பி.டி.ஓ. அலுவலகம், அங்கே ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார். குளம் நீர்வளத் துறையுடையதா ஒன்றியத்துடையதா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தவறான வாசலில் கொடுத்தால் இரண்டு வாரம் போகும். நெடுஞ்சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, பள்ளி பள்ளிக்கல்விக்கு. எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி தாசில்தாருக்கும் ஆட்சியர் அலுவலகப் பேரிடர் பிரிவுக்கும். எஸ்டிமேட் போடும்போது நீங்கள் எடுத்த அளவுத் தாளும் படங்களும் பொறியாளர் மேசையில் இருந்தால் அவருக்கே வேலை குறையும். ஒரு பேரிடரில் ஓர் ஒன்றியத்தில் நூறு இடம் பார்க்க வேண்டியவர் அவர்.

மூன்று கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும். இந்தச் சாலை ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலத்துக்குள் இருக்கிறதா? பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டதானால் ஐந்து வருடம் பராமரிப்பு அவர் தலையில். இதே வேலை நூறு நாள் வேலையிலோ வேறு திட்டத்திலோ ஏற்கெனவே அனுமதியாகி இருக்கிறதா? கட்டடத்துக்கோ இயந்திரத்துக்கோ காப்பீடு உண்டா? மறைத்து வைத்துப் பின்னால் தெரிந்தால் ஒரு வேலைக்கு மட்டும் அல்ல, ஊரின் மொத்தப் பட்டியலுக்கும் சந்தேகம் வரும். மிகைப்படுத்துவதும் அப்படித்தான். மத்தியக் குழு எல்லா ஊருக்கும் வராது. வரும் நாலு ஊரில் நம் ஊரும் ஒன்றாக இருந்து, 250 மீட்டர் என்று எழுதிய இடத்தில் அவர்கள் கண்ணுக்கு 100 மீட்டர்தான் தெரிந்தால், பக்கத்து ஊர் நேர்மையாக எழுதிய கணக்கையும் சேர்த்துக் குறைப்பார்கள்.

பணம் வந்து வேலை முடிந்த பிறகும் அதே மூன்று படங்கள், அதே இடத்திலிருந்து, அதே கோணத்தில் எடுக்க வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழுக்கு அவை தேவை. அவையே அடுத்த வெள்ளத்துக்கு ‘முன்பு’ எடுத்த படங்களும் ஆகும். எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் மற்றொன்றை வேறு ஊரிலும் வையுங்கள். ஊராட்சி அலுவலகத்திலேயே இரண்டும் இருந்தால், அங்கே தண்ணீர் புகும்போது இரண்டும் போகும்.